வலம் இடமான ஒன்பது விநாடி

எட்டு நாளாக இஃதிதால் எங்கள் அலுவலகப் படிக்கட்டை விட்டு எழுந்திருக்கவில்லை. காலையில் நான் கதவைத் திறக்கும்போது இருப்பாள். சாயங்காலம் பூட்டும்போதும் இருப்பாள். தையல்காரி, கையில் எப்போதும் யாருடையதாவது ஒரு சட்டை, வாயில் குண்டூசி. அதே வாயால் தினமும் ஒரே வாக்கியத்தைச் சொல்வாள்.

"டீச்சர், என் தம்பி அந்தத் தெருவையே பாத்ததில்ல."

"இங்க வர்ற எல்லா அக்காவுக்கும் தம்பி நல்லவன்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவேன்.

எனக்கு வாய் நீளம். ஹோம்ஸ் நகரத்தில் என்னிடம் கணக்குப் படித்த பிள்ளைகளைக் கேட்டால் இன்னும் விவரமாகச் சொல்வார்கள். ஆனால் போர் வந்து பள்ளிக்கூடம் இடிந்த பிறகு எனக்குக் கிடைத்த இந்த வேலைக்கு அந்த வாய் தேவைப்பட்டது. சண்டை நடந்த வருஷங்களில் ஜனங்கள் போனில் எடுத்த வீடியோக்களைச் சேர்த்து வைக்கிறோம். எது எங்கே எடுத்தது, எப்போது எடுத்தது, எது உண்மை, எது ஒட்டுப்போட்டது என்று பார்த்து முத்திரை குத்துகிறோம். மூவாயிரத்து எழுநூறு வீடியோ. நானும் முதரும் மட்டும்தான். முதர் எதற்கும் பதறாதவன். உலோகக் குழாயில் மத்தே என்ற மூலிகைத் தேநீரை உறிஞ்சிக்கொண்டே குண்டு விழுந்த இடத்தை நிழலின் நீளத்தை வைத்துச் சொல்லிவிடுவான்.

இஃதிதாலின் தம்பி கியாத், மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிறவன். அவன் லாக்கப்பில் இருந்ததற்குக் காரணம் என் முத்திரை. பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய வீடியோ அது. அல்லௌஸ் தெரு செக்போஸ்டில் மூன்று பேரைச் சுவரோரம் நிறுத்திச் சுடுகிறார்கள். சுடப்போகிறவன், சுடுவதற்கு முன்னால் ஆறாவது விநாடியில் கேமரா பக்கம் திரும்பி நடக்கிறான். வலது கன்னத்தில் தாடைவரை இழுத்த தழும்பு. போன மாதம் அந்த வீடியோ மறுபடி ஊரில் சுற்றியபோது, கடைத்தெருவில் நாலு பேர் கியாத்தின் சட்டையைப் பிடித்துவிட்டார்கள். அவனுக்கும் வலது கன்னத்தில் தழும்பு. கட்டாய ராணுவ சேவையும் செய்திருந்தான். "சின்ன வயசுல டீசல் அடுப்பு மேல விழுந்தான்" என்று அக்கா சொன்னாள். யார் கேட்டார்கள்? நீதிபதி என்னைக் கூப்பிட்டு வீடியோ அசலா என்று கேட்டார். அசல் என்றேன். வியாழக்கிழமை மத்தியான லுஹர் பாங்குக்கு முன்னால் கோப்பும் ஆளும் தலைநகருக்குப் போவதாக இருந்தது. அங்கே போனால் தூக்குதான் என்று கோர்ட் வாசலில் டீ விற்கிறவன் உட்பட எல்லோரும் சொன்னார்கள்.

எனக்கு அதில் வருத்தம் இருக்கவில்லை. ஏனென்றால் எனக்கு உம்மு நவ்ரஸை, நவ்ரஸின் அம்மாவைத் தெரியும்.

சுவரோரம் நின்ற மூன்று பேரில் நடுவில் நின்றவன் அவருடைய ஒரே மகன் நவ்ரஸ். பேட்டரிக் கடையில் வேலை பார்த்தவன், இருபத்திமூன்று வயது. வீடு எரிந்ததில் புகைப்படங்களெல்லாம் போய்விட்டன. மகன் முகம் அவருக்கு மிஞ்சியது அந்த வீடியோவில் மட்டும்தான். போனில் தினமும் பார்ப்பார். ஒன்பதாவது விநாடியில் நிறுத்திவிடுவார். பத்தாவதில்தான் சுடுவார்கள். ஒவ்வொரு வியாழக்கிழமையும் ஒரு டப்பா நிறையக் கிப்பே, கொத்துக்கறி உருண்டை, பொரித்து எங்களுக்குக் கொண்டுவருவார். கியாத்தைப் பிடித்த வாரம் என் இரண்டு கையையும் பிடித்து முத்தமிட்டார்.

"நீ இல்லன்னா என் புள்ளைக்கு யாரு மகளே சாட்சி?" என்றார். பிறகு போகும்போது, "உனக்கு மறதிக்கு நல்ல டாக்டர் யாரையாவது தெரியுமா?" என்று கேட்டார்.

"ஏன் காலா, உப்பு போட மறந்துடுறீங்களா?" என்றேன். வயதான பெண்களைச் சித்தி முறை வைத்துக் காலா என்போம்.

"உப்பு மறந்தா பரவாயில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். வயசாகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை மத்தியானம் மின்சாரம் போய்விட்டது. சூரியத் தகட்டின் பேட்டரியில் ஒரு கணினி மட்டும் ஓடியது. வெளியே மழை. படிக்கட்டில் நனைந்துகொண்டிருந்தவளை முதர் உள்ளே கூட்டிவந்து உட்காரவைத்துவிட்டான்.

"நாளைக்கு அவன அனுப்பிடுவாங்க" என்றாள் இஃதிதால். "கடைசியா ஒரு தடவ எனக்கு அந்த வீடியோவப் போட்டுக் காட்டுங்க டீச்சர். பெருசா. போன்ல பாத்தா ஒண்ணும் தெரியல."

"பாத்து என்ன பண்ணப் போற?"

"பாக்குறேன். உங்களுக்கு என்ன குறைஞ்சு போகுது?"

திமிர் என்று பட்டது. இருந்தாலும் போட்டேன். ஆறாவது விநாடியில் நிறுத்தச் சொன்னாள். தழும்பைப் பார்ப்பாள் என்று நினைத்தேன். அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. திரையில் இருந்த சட்டையைத் தடவினாள்.

"இது யாரு சட்ட? இது பொம்பளைங்க சட்ட டீச்சர்."

"ராணுவச் சட்டை. பேசாம உக்காரு."

"எந்த ராணுவத்துல ஆம்பளைக்கு வலது பக்கத்த மேல போட்டுப் பட்டன் வெச்சுத் தைக்குறாங்க? ஆம்பள சட்டைக்கு இடது பக்கம் மேல வரும். நான் பதினஞ்சு வருஷமா இத மட்டும்தான் தைக்குறேன். அவன் பொம்பள சட்டையப் போட்டுக்கிட்டு நிக்குறான். என் தம்பி அப்படிப் போடுவானா?"

முதர் மத்தே உறிஞ்சுவதை நிறுத்தினான்.

அவளுக்குப் புரியவில்லை, எனக்குப் புரிந்துவிட்டது. அந்தச் சட்டை ஆம்பளைச் சட்டைதான். வீடியோதான் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலமாக மாறிக் கிடக்கிறது. அப்படியானால் தழும்பு இருப்பது இடது கன்னத்தில். மாற்றியது யார் என்பதும் அந்த நொடியே ஞாபகம் வந்துவிட்டது.

நான்தான்.

அந்த வீடியோவை எடுத்தவன் லபீப், என் பழைய மாணவன். மாடி ஜன்னல் திரைக்குப் பின்னாலிருந்து எடுத்து எனக்கு அனுப்பினான். "அனுப்பின உடனே போன்ல இருந்து அழிச்சிடு, செக்போஸ்ட்ல மாட்டிக்குவ" என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். எல்லோருக்கும் அதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். அவன் அழித்தான். இரண்டு மாதம் கழித்து சுத்தமான போனோடு மாட்டினான், திரும்பி வரவில்லை.

அப்போதெல்லாம் நாங்கள் ஏற்றும் வீடியோக்களை வலைத்தளத்தின் இயந்திரம் வன்முறை என்று ஒரு மணி நேரத்தில் அழித்துவிடும். ஒருமுறை அழித்ததை ஞாபகமும் வைத்துக்கொள்ளும். மறுபடி ஏற்றினால் உடனே பிடித்துக்கொள்ளும். இடவலமாகப் புரட்டி ஏற்றினால் மட்டும் அதற்கு அடையாளம் தெரியாது. நாங்கள் எல்லோரும் அதைச் செய்தோம். உலகம் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அன்றைக்கு எங்கள் கவலை. லபீப் எந்த ஜன்னலில் இருந்தான் என்று தெரியக் கூடாதென்று எதிர்க்கடைப் பலகையையும் மங்கலாக்கினேன். எழுத்து இருந்திருந்தால் வீடியோ இடவலமாக மாறியிருப்பது குழந்தைக்குக்கூடத் தெரிந்திருக்கும். பிறகு எங்கள் சேனலை மூடினார்கள். அசல்கள் இருந்த டிஸ்க்கை முற்றத்தில் புதைத்தோம், முற்றமே குண்டில் போனது. மறுபடி ஆரம்பித்தபோது, யார் யாரோ இறக்கி வைத்திருந்த பிரதிகளைக் கெஞ்சி வாங்கிச் சேர்த்தோம். நான் புரட்டிய பிரதி அப்படித்தான் என்னிடமே திரும்பி வந்தது. கூடவே, அசலைப் பார்த்து அன்றைக்கு நான் எழுதிய அறிக்கையும் இருந்தது; அதில் கன்னத்தில் தழும்பு என்று மட்டும்தான், எந்தக் கன்னம் என்று இல்லை. நானே எழுதியது, நானே பார்த்தது, இதில் மறுபடி என்னத்தைப் பார்ப்பது என்று முத்திரையைக் குத்திவிட்டேன். அந்தத் தெருவும் இப்போது இல்லை. இடித்து, அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். நேரில் போய் ஒப்பிட ஒரு கல்கூடக் கிடையாது.

இஃதிதாலை முன்னறைக்கு அனுப்பிவிட்டு அலமாரியைத் திறந்தேன். பள்ளிக்கூடக் கோடு போட்ட நோட்டு ஒன்று இருந்தது. எந்த வீடியோ வந்தாலும் அந்தக் கோப்பின் விரல்ரேகை எண்ணை அன்றைக்கே அதில் எழுதிவைப்பேன். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் மொத்தமாக மாறிவிடும். இப்போதைய கோப்பின் எண்ணையும் நோட்டில் இருந்ததையும் முதர் ஒப்பிட்டான். முதல் இலக்கமே வேறு.

"இத போன மாசம் ஏன் பாக்கல?" என்றான்.

"திமிருதான். வேற என்ன?"

அவன் கதவைச் சாத்தினான். "விஸால், நம்ம முத்திரைய வெச்சுப் பதினோரு பேர் உள்ள இருக்கானுங்க. அதுல பத்துப் பேர் நெஜமான கொலகாரனுங்க. அவனுங்க வக்கீலுங்க எல்லாம் நம்மகிட்ட ஒரே ஒரு ஓட்டை கிடைக்காதான்னு காத்துக்கிட்டு இருக்கானுங்க. நாளைக்கு நீ போய், நானே வீடியோவ மாத்தினேன்னு சொன்னா, மூவாயிரத்து எழுநூறும் குப்ப."

"சொல்லலன்னா கியாத் செத்துடுவான்."

"தெரியும்."

"அப்போ என்ன பண்ணச் சொல்ற?"

"நான் ஒண்ணும் சொல்லல. நீ என்ன பண்ணுவன்னு தெரியும். அதுக்கு முன்னாடி யாராவது ஒருத்தர் இத வாய்விட்டுச் சொல்லணும்ல."

மீதி மத்தியானம் முழுக்க அசலைத் தேடினோம். பழைய நண்பர்களுக்கு, துருக்கிக்கும் ஜெர்மனிக்கும், பேசினோம். வலைத்தளத்துக்கு எழுதினோம், உங்கள் கருத்துக்கு நன்றி என்று இயந்திரம் பதில் போட்டது. யாரிடமும் இல்லை. அழிக்கச் சொல்லி எல்லோருக்கும் பாடம் எடுத்த டீச்சர் நான். எல்லோரும் நல்ல பிள்ளைகளாக அழித்திருந்தார்கள். ஒரு கட்டத்தில் போனை மேஜையில் வைத்துவிட்டு அழுதேன். முதர் பார்க்காததுபோல் இருந்தான்.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு நீதிபதியின் அறையில் உட்கார்ந்தேன். மெதுவாகப் பேசுகிற மனிதர். அதுவே பயமாக இருக்கும். எல்லாவற்றையும் சொன்னேன். சட்டைப் பட்டனைக் காட்டினேன். நோட்டைக் காட்டினேன். பழைய செயற்கைக்கோள் படத்தில் பள்ளிவாசல் மினாரத்துக்குத் தென்புறம் தண்ணீர்த் தொட்டி இருப்பதையும், வீடியோவில் அது வடபுறம் போய்விட்டதையும் கோடு போட்டுக் காட்டினேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"போன மாசம் இதே நாற்காலில உக்காந்து சத்தியம் பண்ணி, இது அசல்னு சொன்னீங்க" என்றார்.

"ஆமா."

"இன்னிக்கு இல்லன்னு சொல்றீங்க. இதுல எந்த சத்தியத்த நான் எடுத்துக்கணும்?"

"ரெண்டாவத. நோட்டுல..."

"நோட்டு நீங்க எழுதினது. கோடு நீங்க போட்டது. அறிக்கை உங்களது, வீடியோவ மாத்தினதும் நீங்கதான்னு சொல்றீங்க. அவன் அக்கா எட்டு நாளா உங்க படிக்கட்டுல உக்காந்திருந்தது இந்தக் கட்டடத்துல எல்லாருக்கும் தெரியும். நாளைக்கு செத்த மூணு பேர் வீட்டுக்காரங்களும் வந்து, அக்கா அழுது உங்க மனச மாத்திட்டாங்கன்னு சொன்னா நான் என்ன பதில் சொல்ல?" கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இன்னும் எத்தனைய மாத்தியிருக்கீங்க?"

"தெரியாது."

"தெரியாதா?"

"அப்ப நாங்க கணக்கு வெச்சுக்கல. அழிஞ்சு போகாம இருந்தா போதும்னு இருந்தோம்."

எழுத்தர் அதை அப்படியே எழுதினார். பதினோரு பேரில் பத்துப் பேருக்கு, வெளியே வர அந்த ஒரு வரி போதும்.

"உங்க கை படாத ஏதாவது ஒண்ணு கொண்டு வாங்க" என்றார் நீதிபதி. "பாங்குக்கு முன்னாடி வண்டி கிளம்பிடும். அதுவரைக்கும் இருப்பேன்."

வெளியே வந்தேன். முற்றத்தில் வண்டி தயாராக நின்றது. இஃதிதால் அதன் கம்பி வலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே இருந்தவனிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். என் கை படாதது என்ன இருக்கிறது? அந்த ஒன்பது விநாடியில் என் கை படாத இடமே இல்லை.

தாழ்வாரத்துப் பெஞ்சில் உம்மு நவ்ரஸ் உட்கார்ந்திருந்தார். கொலைகாரனை வண்டியில் ஏற்றுவதைப் பார்க்க வந்திருந்தார். மடியில் கிப்பே டப்பா.

"உன் ஆபீஸ் பூட்டியிருந்துச்சு மகளே. இங்கதான் இருப்பன்னு எடுத்துட்டு வந்தேன். சூடா இருக்கு."

பக்கத்தில் உட்கார்ந்தேன். எப்படிச் சொல்வது என்று யோசித்தால் சொல்லவே முடியாது என்று தோன்றியது.

"காலா, அவன் இல்ல. வீடியோ இடம் வலமா மாறியிருக்கு. மாத்தினது நான்."

அவர் டப்பாவின் மூடியை மறுபடி அழுத்தி மூடினார்.

"போன மாசம் இவன்தான்னு சொன்ன."

"ஆமா."

"பொய் சொன்னியா?"

"பொய் சொல்லல காலா. சரியாப் பாக்காம சொன்னேன்."

"எனக்கு ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? பன்னெண்டு வருஷம் கழிச்சு ஒருத்தன் கெடச்சான். போன வாரம்தான் ஒரு நாள் நிம்மதியாத் தூங்கினேன். அதையும் பிடுங்குறியா?"

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். இனி ஒன்றுதான் பாக்கி, அதைக் கேட்கிற தகுதி எனக்கு இல்லை. இருந்தும் கேட்டேன்.

"நவ்ரஸுக்குக் கண்ணுக்குக் கீழ ஒரு மச்சம் தெரியுது. அது நெஜத்துல எந்தப் பக்கம் காலா? நீங்க சொன்னாத்தான் அவர் நம்புவார். நான் சொன்னா நம்ப மாட்டார்."

வீடியோவில் தெரிவதுபோல் இடது என்று அவர் சொல்லிவிட்டால் முடிந்தது. அவர் கையில் இருந்த ஒரே ஆளை அவர் வாயாலேயே விடச் சொல்கிறேன். நானாக இருந்தால் இடது என்றுதான் சொல்லியிருப்பேன். அவர் என்னைப் பார்த்தார். முகத்தில் கோபம் இருந்த இடத்தில் வேறு என்னவோ வந்தது.

"வலது" என்றார். "வேலைக்குப் போகும்போது அந்த மச்சத்துலதான் முத்தம் குடுப்பேன். என் வலது கையால இப்படி அவன் தலையச் சாச்சு." கையைக் காற்றில் தூக்கிக் காட்டினார். "ஆனா போன்ல பாக்குறப்போ இடது பக்கம் இருக்கும். எத்தன தடவ பாத்தாலும் இடதுதான். பெத்த புள்ள மொகம் மறந்துபோச்சேன்னு யாருகிட்ட சொல்லுவேன்? உன் முத்திர இருக்கே, அது தப்பா இருக்காதுன்னு நெனச்சேன். என் ஞாபகம்தான் கெட்டுப் போச்சுன்னு நெனச்சேன்."

மறதிக்கு டாக்டர் கேட்டது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டேன்.

"புகார் குடுத்த அன்னைக்கும் வலதுன்னுதான் சொன்னேன்" என்றார். "அந்த எழுத்தர் எழுதிட்டாரு. அப்புறம் போனப் பாத்துட்டு வெக்கமாப் போச்சு. அடிச்சு மாத்தச் சொன்னேன்."

நான் எழுந்துவிட்டேன். "காலா, அத உள்ள வந்து சொல்லுவீங்களா?"

அவர் ஜன்னல் வழியாக முற்றத்தைப் பார்த்தார். கம்பி வலைக்குப் பின்னால் கியாத்தின் முகம் தெரிந்தது. வலது கன்னத்தில் தழும்பு. பிறகு டப்பாவைப் பெஞ்சில் வைத்துவிட்டு, என் கையைப் பிடிக்காமல் தானாகவே எழுந்து உள்ளே போனார்.

நீதிபதி பழைய வாக்குமூலத்தை எடுத்துப் பிரித்தார். மூன்றாம் பக்கம். கொல்லப்பட்டவரின் அடையாளம்: வலது கண்ணின் கீழ் மச்சம். 'வலது' மேல் ஒரு கோடு, அதன் மேல் 'இடது', பக்கத்தில் அடித்தலுக்குச் சாட்சியாக உம்மு நவ்ரஸின் கட்டைவிரல் ரேகை. தேதி ஒரு மாதத்துக்கு முந்தையது. என் கை படாதது. அவர் அந்தப் பக்கத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மணியடித்து வண்டியை நிறுத்தச் சொன்னார்.

கியாத்தை விடுவிக்கும் உத்தரவை எழுதிய கையோடு இன்னொன்றும் எழுதினார்: என் முத்திரை உள்ள எந்த வீடியோவும் மறு ஆய்வு முடியும்வரை சாட்சியம் ஆகாது. இனி எந்தக் கோப்பிலும் எந்த மாற்றமும் செய்ய மாட்டேன் என்று என்னிடம் எழுதி வாங்கினார். கையெழுத்துப் போட்டேன். இரண்டு வக்கீல்கள் செய்தி கேட்டு அதற்குள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். முதருக்குப் போன் போட்டேன். "சரி, ஒண்ணாம் நம்பர்ல இருந்து ஆரம்பிக்குறேன்" என்றான்.

முற்றத்தில் இஃதிதால் தம்பியின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, பிய்ந்திருந்த பட்டனைத் திட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். நன்றி சொல்லவில்லை, சொல்லியிருந்தால் எனக்குத் தாங்கியிருக்காது.

உம்மு நவ்ரஸ் பெஞ்சில் தன் போனை என் பக்கம் நீட்டினார்.

"அவன நேராக்கு."

"காலா, நான் இப்பதான் எழுதிக் குடுத்துட்டு வந்தேன்."

"அது கோர்ட்டுக்கு. இது என் புள்ள. நேராக்கிக் குடு."

ஒரு தொடுதல்தான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அதைச் செய்ய எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. இப்போது இரண்டு தரம் தவறியது. கொடுத்தேன். அவர் போனை முகத்தருகே வைத்துக்கொண்டு பார்த்தார். மச்சம் வலது கண்ணின் கீழ் இருந்தது. கட்டைவிரலால் அதைத் தொட்டார்.

"இவன்தான்" என்றார். "நான் மறக்கல."

மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டார். மகன் நேரானபோது கொலைகாரனும் நேராகியிருந்தான். ஆறாவது விநாடியில் இடது கன்னத்தில் தழும்போடு ஒருவன் திரும்பி நடந்தான். நாங்கள் இருவரும் அவனை முதல் தடவையாகப் பார்த்தோம். ஒன்பதில் அவர் நிறுத்தினார்.

"இவன் யாரு?"

"தெரியல காலா."

"மொதல்ல இருந்து தேடணுமா?"

"ஆமா."

அவர் போனை அங்கிக்குள் செருகிக்கொண்டார். கிப்பே டப்பாவைத் திறக்காமலே இடுப்பில் இடுக்கிக்கொண்டு எழுந்தார்.

"இனிமே உனக்குக் கிப்பே கிடையாது" என்றார். "ஆனா வியாழக்கிழமை வருவேன். வந்து உன் படிக்கட்டுல உக்காருவேன்."